தானாக அணைந்து எழும் வீட்டுக் கணினி: போர்டை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் தொகுத்துக்கொள்கிறேன். 2017-இல் கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கணினி. ஏழாம் தலைமுறை ஐ5-7400 பிராசசர், 8 ஜிபி ராம், விண்டோஸ் 10. பிற்பாடு மகனுக்காக ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருக்கிறீர்கள். சில மாதங்களாகத் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. பெரும்பாலும் திரை சட்டென்று கறுத்து முதலிலிருந்து கிளம்புகிறது. எப்போதாவது நீலத் திரை வந்து, படிப்பதற்குள் மறைந்துவிடுகிறது. கேம் ஆடும்போது அதிகம். கரண்ட் போய் வீட்டு இன்வெர்ட்டருக்கு மாறும் நேரத்திலும் நடக்கிறது. கடையில் இரண்டு முறை ஃபார்மட் செய்தும் சரியாகவில்லை. இப்போது "போர்டு போச்சு, மாத்தணும்" என்கிறார்கள் (எல்லாப் பாகங்களும் செருகி நிற்கும் மதர்போர்டைத்தான் சொல்கிறார்கள்). மாற்றலாமா என்பது கேள்வி.

இப்போது மாற்ற வேண்டாம். நீங்கள் சொன்ன அறிகுறிகளில் போர்டை மட்டும் கைகாட்டுவது ஒன்றுகூட இல்லை. நீலத் திரையே இல்லாமல் கறுத்துப்போவது, கேம் ஆடும்போது அதிகமாவது, இன்வெர்ட்டருக்கு மாறும்போது விழுவது என்று எல்லாமே மின்சாரம் வரும் வழியைத்தான் முதலில் சந்தேகிக்கச் சொல்கின்றன. மதர்போர்டு பழுது என்பது மற்ற எல்லாவற்றையும் பார்த்துத் தள்ளிய பிறகு கடைசியில் வந்து நிற்க வேண்டிய முடிவு. அதை நேரடியாகச் சோதித்துச் சொல்லும் கருவி சாதாரணக் கடைகளில் இல்லை. அதனால், முதல் வாயிலேயே "போர்டு" என்று ஒருவர் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள்.

எதையும் கழற்றும் முன் ஒரு வேலை இருக்கிறது. போட்டோ, பத்திர ஸ்கேன், பிள்ளைகளின் பாடக் கோப்புகள் எல்லாவற்றையும் இன்றைக்கே வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்துவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் கோப்புகள் சிதையும். டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருந்தால் அடுத்த முறை அது எழாமலே போகலாம். இன்னொரு முறை ஃபார்மட் செய்யலாம் என்று கடையில் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஃபார்மட்டில் பழுது போகிறதோ இல்லையோ, தடயம் போய்விடும். ஒவ்வொரு முறை விழுந்ததைப் பற்றியும் விண்டோஸ் குறித்து வைத்திருந்தது எல்லாம் அத்தோடு அழிந்துவிடுகிறது. நடந்துவிட்ட இரண்டு ஃபார்மட்டிலிருந்தும் ஒரு பயன் உண்டு: புத்தம்புதிய விண்டோஸிலும் அதே கோளாறு தொடர்கிறது என்றால், கெட்டது மென்பொருள் அல்ல, வன்பொருள்தான் என்ற பக்கம் தராசு நன்றாகவே சாய்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். தானாக ரீஸ்டார்ட் ஆவதில் அடிப்படையில் இரண்டு வகை. ஒன்றில், விண்டோஸே நின்றுவிடுகிறது. அதன் மையப்பகுதியான கெர்னல், மேற்கொண்டு ஓடினால் தரவு கெட்டுவிடும் என்ற நிலையைக் கண்டதும் எல்லாவற்றையும் நிறுத்தி, நீலத் திரையைக் காட்டி, நினைவகத்தில் இருந்ததை ஒரு கோப்பில் கொட்டிவிட்டு ரீஸ்டார்ட் செய்கிறது. மற்றதில், விண்டோஸுக்கு எதுவுமே தெரியாது. கீழே மின்சாரம் அறுந்தது, அல்லது போர்டு ரீசெட் ஆனது. ஒரு வரி எழுதக்கூட அதற்கு நேரம் கிடைக்கவில்லை. இந்த இரண்டில் எது என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிரிக்காமல் ராமை மாற்றிப் பார்ப்போம், டிஸ்கை மாற்றிப் பார்ப்போம் என்று இறங்கினால் செலவுக்கு முடிவே இருக்காது.

பிரிப்பதற்கு முதல் படி, நீலத் திரை ஓடிப்போகாமல் நிறுத்தி வைப்பது. கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம், அதில் அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், அங்கே 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி' பகுதியின் செட்டிங்ஸ் பொத்தான். உள்ளே 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதற்கு எதிரே டிக் இருக்கும். விண்டோஸ் வரும்போதே அப்படித்தான் வருகிறது. அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். இனி விண்டோஸ் தானாக நின்றால் திரை அப்படியே நிற்கும். அடியில் உள்ள எழுத்துகளை மொபைலில் படம் பிடித்துக்கொள்ளலாம். டிக்கை எடுத்த பிறகும் திரை நிற்காமல் கறுத்து ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் அது இரண்டாவது வகை. (விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 2025-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு அந்தத் திரை நீலமாக இல்லாமல் கறுப்பாகவே வருகிறது. அதனால் நிறத்தைப் பார்க்காதீர்கள், எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.)

இரண்டாவது படி, விண்டோஸ் குறித்து வைப்பதைக் காட்டும் ஈவென்ட் வியூவர். ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பெயரைத் தட்டினால் வரும். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். கடைசியாக நடந்த ரீஸ்டார்ட்டின் நேரத்தை ஒட்டிச் சிவப்புக் குறியோடு 'கெர்னல்-பவர்' என்ற பெயரில் 41 என்ற எண் இருக்கும். பலரும் இதைப் பார்த்துவிட்டு, அதில் 'பவர்' என்று இருப்பதால் எஸ்.எம்.பி.எஸ் (கணினிக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) போய்விட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். 41 அப்படிச் சொல்லவில்லை. "போன முறை நான் ஒழுங்காக மூடப்படவில்லை" என்று மறுபடி எழுந்த விண்டோஸ் போட்டுக்கொள்ளும் குறிப்புதான் அது. காரணம் அதற்கு உள்ளே இருக்கிறது. அந்த வரியைத் திறந்து 'டீட்டெயில்ஸ்' பக்கத்துக்குப் போனால் 'பக்செக்கோட்' என்று ஒரு மதிப்பு தெரியும். அது 0 என்றால், விண்டோஸ் தானாக நின்றதற்கான தடயமே இல்லை: மின்சாரம், ரீசெட், அல்லது அடியோடு உறைந்துபோனது. அதே பட்டியலில் 'பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப்' என்பது 0 அல்லாமல் இருந்தால், யாரோ பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்திருக்கிறார்கள். பக்செக்கோட் வேறு எண்ணாக இருந்தால் விண்டோஸ் காரணம் சொல்லியிருக்கிறது என்று பொருள். அந்த எண்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அதே இடத்தில் 1074 என்ற எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏதோ ஒரு நிரல், பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட், முறைப்படி ரீஸ்டார்ட் செய்யச் சொன்னதைக் காட்டுவது அது. ராத்திரியில் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது என்று கவலைப்படுபவர்கள் பலருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் வைரஸ் பரவியபோது விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் 60 வினாடி கவுண்ட்டவுன் காட்டிவிட்டு ரீஸ்டார்ட் ஆயின. அந்தக் காலத்துப் பழக்கத்தில் இன்னமும் பலர் ரீஸ்டார்ட் என்றதும் வைரஸ், வைரஸ் என்றதும் ஃபார்மட் என்று போகிறார்கள். இன்றைக்கு வைரஸ்கள் கணினியை விழவைக்க விரும்புவதில்லை. சத்தமில்லாமல் ஓடத்தான் விரும்புகின்றன.

மூன்றாவது சோதனைக்கு மென்பொருளே தேவையில்லை. கணினியைப் போட்டதும் டெலிட் அல்லது எஃப்2 பொத்தானைத் தட்டி பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், போர்டின் அடிப்படை நிரல்) திரைக்குள் போய் அப்படியே விட்டுவிடுங்கள், ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ. அங்கே விண்டோஸ் இல்லை, பாகங்களை இயக்கும் நிரலான டிரைவர் இல்லை. அங்கேயே ரீஸ்டார்ட் ஆனால் இவற்றின்மேல் பழி போட வழியில்லை. மின்சாரம், கேபினட்டின் ரீசெட் பொத்தான், ராம், கிராஃபிக்ஸ் கார்டு, போர்டு, பிராசசர் இவைதான் மிச்சம். அங்கே ஆகவில்லை என்பதாலேயே வன்பொருள் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது, ஏனென்றால் பயாஸ் திரையில் பாரம் குறைவு. அதற்கு, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் இருக்கிறது. அதன் வகைகளான உபுண்டுவையோ மின்ட்டையோ பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலே அதிலிருந்து ஓடவிட்டு ஒரு நாள் முழுக்க யூடியூப் பாருங்கள். அதிலும் விழுந்தால் விண்டோஸைக் குறைசொல்ல இடமே இல்லை.

இனி மின்சாரம். உங்கள் விஷயத்தில் நான் அதிகம் சந்தேகிப்பது இதைத்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏ.சி மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 20 மில்லி வினாடி. எஸ்.எம்.பி.எஸ் அதை 12, 5, 3.3 வோல்ட் டி.சியாக மாற்றிக் கொடுக்கிறது. உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர், மொட்டை மாடித் தொட்டி மாதிரி: மோட்டார் நின்றாலும் தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை குழாயில் வரும். ஆனால் இந்தத் தொட்டி மிகச் சிறியது. எஸ்.எம்.பி.எஸ்களுக்கான ஏ.டி.எக்ஸ் தரவிதி எதிர்பார்ப்பதே, முழுப் பாரத்தில் சுமார் 16 மில்லி வினாடி தாங்கினால் போதும் என்பதுதான். ஒரு சுற்றுக்கும் குறைவு. அதற்குள் மறு மின்சாரம் வந்தாக வேண்டும். வராவிட்டால், வோல்ட்டேஜ் இறங்கப்போகிறது என்று தெரிந்ததும் எஸ்.எம்.பி.எஸ் சாம்பல் நிற ஒயரில் 'பவர் குட்' என்று அனுப்பிக்கொண்டிருந்த சமிக்ஞையை நிறுத்திவிடும். போர்டு அந்தக் கணமே ரீசெட் ஆகும். அதனால்தான் நீலத் திரையும் இல்லை, கோப்பும் இல்லை, பக்செக்கோட் 0.

இப்போது உங்கள் இன்வெர்ட்டரைப் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் பின்பக்கமோ முன்பக்கமோ ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும்: ஒரு பக்கம் 'யுபிஎஸ்', மறு பக்கம் 'நார்மல்' அல்லது 'ஈகோ'. நார்மலில் இருந்தால் கரண்ட் போனதிலிருந்து பேட்டரிக்கு மாற 20, 30 மில்லி வினாடி, சிலவற்றில் அதற்கும் மேலே ஆகும். ஃபேனும் லைட்டும் ஒருமுறை இமைத்துவிட்டு ஓடும், கணினி தாங்காது. யுபிஎஸ் பக்கம் தள்ளினால் 10 மில்லி வினாடியை ஒட்டி மாறிவிடும். அந்தச் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், செலவில்லாத சோதனை. யுபிஎஸ் நிலையில் இன்வெர்ட்டர் ஏற்றுக்கொள்ளும் வோல்ட்டேஜ் எல்லை குறுகலானது. அதனால் லோ வோல்ட்டேஜ் உள்ள தெருவில் அடிக்கடி பேட்டரிக்குத் தாவும். அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். தனி யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் அதன் பேட்டரியைச் சந்தேகியுங்கள். சில ஆண்டுகளில் அது செத்துவிடும், ஆனால் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மின்சாரம் ஒரு கணம் தொய்ந்தாலும் யுபிஎஸ்ஸே கணினியைக் கைவிட்டுவிடும். இன்வெர்ட்டரையும் யுபிஎஸ்ஸையும் தவிர்த்து, சுவரில் உள்ள 3 பின் பாயிண்ட்டில் நேரடியாகச் செருகி இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். அப்போது ரீஸ்டார்ட் ஆவது நின்றுவிட்டால் காரணம் கணினிக்கு வெளியே.

எர்த் பற்றியும் ஒரு வார்த்தை. கேபினட்டை வெறும் காலோடு நின்று தொட்டால் சுரீர் என்று இழுக்கிறதா? எஸ்.எம்.பி.எஸ்ஸின் உள்ளே வரும் மின்சாரத்தை வடிகட்டும் சிறு கெபாசிட்டர்கள் தங்கள் கசிவை எர்த் ஒயரில் இறக்குகின்றன. எர்த் இல்லாவிட்டால் அந்தக் கசிவு கேபினட்டின் இரும்பில் நிற்கும். எர்த் பின்னை வெட்டிவிட்டு 2 பின்னாக மாற்றுவது, பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மேலே ஓட்டை இருந்தும் உள்ளே ஒயரே போடாமல் விடுவது எல்லாம் நம் வீடுகளில் சகஜம். எலக்ட்ரீஷியனை வைத்து இதைச் சரி செய்வது கணினிக்காக மட்டுமல்ல, பிள்ளைகள் தொடும் பொருள் என்பதற்காகவும்.

வெளியே எல்லாம் சரி என்றால் அடுத்தது எஸ்.எம்.பி.எஸ். கேபினட்டோடு சேர்ந்தே வந்த, மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்று அச்சிட்ட பெட்டிதான் உங்களுடையது என்றால் அந்த 450-ஐ மறந்துவிட்டு, ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12 பெருக்கல் 16, அதாவது 192 வாட்தான். பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் தின்பது இந்த 12 வோல்ட்டைத்தான். ஐ5-7400-க்கு 65 வாட் என்று கணக்கு. ஜிடிஎக்ஸ் 1650-க்கு 75 வாட். டிஸ்க், ஃபேன், போர்டு எல்லாம் சேர்த்தாலும் 192-க்குள் அடங்கும்தானே என்று கேட்கலாம். புதிதாக இருந்தபோது அடங்கியிருக்கும். கெபாசிட்டர்கள் வெப்பத்தில் வற்றுகின்றன. வேலை செய்யும் வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது அந்தத் துறையின் பொதுக் கணக்கு. தூசி அடைத்த, மேசைக்கு அடியில் காற்றில்லாமல் இருக்கும் பெட்டிக்கு இத்தனை வருடம் என்பது நீண்ட காலம். கேம் ஓடத் தொடங்கும் கணத்தில் கார்டு சட்டென்று மின்னோட்டத்தை இழுக்கும். அந்த ஒரு நொடித் தொய்வு போதும். எப்போது தொடங்கியது என்று யோசித்துப் பாருங்கள். கார்டு போட்ட கொஞ்ச காலத்துக்குள் என்றால் விடை ஏறக்குறைய கையில் இருக்கிறது.

சோதிப்பது எளிது. கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். உங்கள் பிராசசரிலேயே கிராஃபிக்ஸ் இருக்கிறது. மானிட்டர் கேபிளைப் போர்டின் பின்புறமுள்ள விஜிஏ அல்லது எச்டிஎம்ஐ துளையில் செருகுங்கள். கேம் இல்லாமல் மற்ற வேலைகளை எல்லாம் வழக்கம்போலச் செய்யுங்கள். ரீஸ்டார்ட் அடியோடு நின்றுவிட்டால் குற்றவாளி எஸ்.எம்.பி.எஸ் அல்லது அந்தக் கார்டு, போர்டு அல்ல. பிறகு தெரிந்தவரிடமோ கடையிலோ நல்ல எஸ்.எம்.பி.எஸ் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டு, கார்டைத் திரும்பச் செருகி கேம் ஆடவிடுங்கள். இதைவிடத் தெளிவான தீர்ப்பு வேறில்லை.

கடைகளில் எஸ்.எம்.பி.எஸ்ஸின் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால் இணைத்து, ஃபேன் சுற்றுவதைக் காட்டி "எஸ்.எம்.பி.எஸ் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். அது எழுகிறது என்பதை மட்டுமே அந்தச் சோதனை சொல்கிறது, பாரம் தாங்குமா என்பதைச் சொல்லாது. மல்டிமீட்டர் இருந்தால் கணினி ஓடும்போதே பழைய டிஸ்குகளுக்கான 4 பின் இணைப்பில் அளக்கலாம்: மஞ்சள்-கறுப்பு 11.4-க்கும் 12.6-க்கும் நடுவே, சிவப்பு-கறுப்பு 4.75-க்கும் 5.25-க்கும் நடுவே இருக்க வேண்டும். எல்லைக்கு வெளியே போனால் மாற்றத்தான் வேண்டும். எல்லைக்குள் இருந்தால் குற்றமற்றது என்று தீர்மானித்துவிடாதீர்கள். மில்லி வினாடித் தொய்வை மல்டிமீட்டர் காட்டாது. எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி மின்சாரம் தேங்கி நிற்கலாம். பல்லியோ எறும்போ உள்ளே போய்ச் செத்து ஷார்ட் ஆகும் சம்பவங்களும் உண்டு. அதற்கும் திறந்து துடைக்காமல் மாற்றிவிடுவதே நல்லது.

ஒரு சின்ன விஷயம், கடைகளில் பெரும்பாலும் பார்ப்பதில்லை. கேபினட்டின் முன்பக்கம் ரீசெட் பொத்தான் இருக்கிறதல்லவா, அது தூசியாலோ ஸ்பிரிங் தளர்ந்தோ உள்ளே ஒட்டிக்கொண்டு தொட்டுத்தொட்டு விலகினால், கணினி காரணமே இல்லாமல் ரீஸ்டார்ட் ஆகும். மேசையைத் தட்டினால் ஆகும், கதவைச் சாத்தினால் ஆகும். போர்டின் மூலையில் 'ரீசெட்' என்று எழுதிய இரண்டு ஒயர் இணைப்பைப் பிடுங்கி விட்டுவிடுங்கள். அது இல்லாமலே கணினி நன்றாக ஓடும். பெட்டியைத் திறந்திருக்கும்போதே பிராசசருக்குப் பக்கத்தில் செருகியிருக்கும் 4 பின் பவர் இணைப்பை அழுத்திப் பாருங்கள். தளர்ந்திருந்தாலோ பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ அதுவும் காரணம்தான்.

வெப்பம் அடுத்தது. சித்திரை, வைகாசியில் அறையே 38, 40 டிகிரியில் இருக்கும்போது ஜனவரியில் தாங்கிய கணினி தாங்காமல் போவது இயல்பு. ஆனால் வெப்பத்தின் கைவரிசை கொஞ்சம் வேறு மாதிரி. பிராசசர் சூடானால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், உங்களுக்குக் கணினி மந்தமாகும். எல்லை மீறினால் மொத்தமாக அணைந்துவிடும். பெரும்பாலும் ரீஸ்டார்ட் ஆகாது, உடனே போட்டாலும் கொஞ்ச நேரத்தில் மறுபடி அணையும். எச்.டபிள்யூ.மானிட்டர் என்ற இலவச நிரலைத் திறந்து வைத்துக் கேம் ஆடவிடுங்கள். உங்கள் பிராசசரின் எல்லை 100 டிகிரி. பாரத்தில் 70, 80 என்பது பரவாயில்லை. 95-ஐ ஒட்டிப் போனால் கவனிக்க வேண்டும். இன்டெல் பெட்டியோடு தரும் ஃபேன் நான்கு பிளாஸ்டிக் குமிழால் போர்டில் நிற்கிறது. அதில் ஒன்று வெளியே வந்திருந்தால், ஃபேனுக்கு அடியில் வெப்பத்தை இழுக்கும் உலோகத் துண்டான ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். லேசாக ஆட்டிப் பார்த்தாலே தெரியும். தூசியை புளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசிய தெர்மல் பேஸ்ட் இத்தனை வருடத்தில் காய்ந்துபோயிருக்கும். புதிதாகப் பூச ஒரு பட்டாணி அளவு போதும்.

இனி நீலத் திரை. எப்போதாவது வருகிறது என்றீர்கள். எஸ்.எம்.பி.எஸ் தொய்வதாலேயே ராமும் பிராசசரும் தடுமாறி நீலத் திரை வரலாம். ஆகவே மேலே சொன்னதை முடித்த பிறகும் வந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். ஈவென்ட் வியூவர் பக்செக்கோட்டைத் தசம எண்ணாகத்தான் காட்டும். 292 என்றால் பிராசசரே வன்பொருள் பிழையைப் பிடித்துப் புகார் செய்திருக்கிறது. மின்சாரம், வெப்பம், பிராசசர், போர்டு இவற்றில் ஒன்று. 278 கிராஃபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் போனது: பழைய டிரைவரை முற்றிலும் நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் கார்டைச் சந்தேகியுங்கள். 122, 244, 239 வந்து, அதற்கு முன் கணினி நெடுநேரம் உறைந்து நின்றால் டிஸ்க் பக்கம் திரும்புங்கள்.

10, 26, 80 என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று வருகிறதா? அப்போது ராம். பெயர் மாறிக்கொண்டே இருப்பதுதான் ராம் கெட்டதற்கு நல்ல அடையாளம், ஏனென்றால் கெட்ட இடத்தில் அந்த நேரம் எந்த நிரலின் தரவு உட்கார்ந்திருக்கிறதோ அது அடிபடுகிறது. ராமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுத் திரும்பச் செருகும் கைவைத்தியம் நம் ஊர்க் கடைகளில் பிரசித்தம். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் படியும் கறைக்கு அது நிஜமாகவே வேலை செய்கிறது. அதற்குப் பிறகு மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலைப் பென் டிரைவில் ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராமை நம்பாதீர்கள். ஒன்றுதானே என்று விட முடியாது. இரண்டு குச்சி இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு, துளையையும் மாற்றிச் சோதியுங்கள். எந்தக் குச்சியைப் போட்டாலும் ஒரு துளையில் மட்டும் பிழை வந்தால், இப்போதுதான் போர்டு மீது முதல் நேரடிச் சாட்சி கிடைக்கிறது. அப்போதும் அந்தத் துளையை விட்டுவிட்டு மற்றதில் ஓட்டலாம்.

டிஸ்குக்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போதும். மஞ்சள் நிறத்தில் 'காஷன்' என்று வந்து, 'கரண்ட் பெண்டிங் செக்டார்' (படிக்க முடியாமல் நிற்கும் பகுதிகள்) எண்ணிக்கை 0-க்கு மேலே இருந்தால் டிஸ்கை மாற்றும் காலம் வந்துவிட்டது. 'சிஆர்சி எரர்' மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் பிழைத்தது, மாற்ற வேண்டியது டிஸ்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை.

மென்பொருளை முழுதாகத் தள்ளிவிடவும் இல்லை. 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்து எழுந்து விழுந்தன. விமான நிலையங்கள்கூட ஸ்தம்பித்தன. கெர்னலுக்குள் உட்காரும் எந்த நிரலுக்கும் அந்த வல்லமை உண்டு: ஆன்டிவைரஸ், கிராஃபிக்ஸ் டிரைவர், சில கேம்களின் ஏமாற்றுத் தடுப்பு நிரல். ஆனால் அப்படி நடந்தால் ஒவ்வொரு முறையும் நீலத் திரை வரும், தடயம் இருக்கும். உங்களுக்குப் பெரும்பாலும் அது இல்லை. ஒன்றை மட்டும் கடையில் கேளுங்கள்: ஃபார்மட் செய்த பிறகு அதே பழைய டிரைவர் பொதியையும், திருட்டு விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் நிரலையும் திரும்பப் போட்டார்களா? போட்டிருந்தால் அந்த ஃபார்மட் சுத்தமான ஃபார்மட் அல்ல. மென்பொருள் பக்கமும் கதவு திறந்தே இருக்கிறது.

இத்தனையும் பார்த்த பிறகு, இரவல் எஸ்.எம்.பி.எஸ், பிழையில்லாத ராம், கார்டு இல்லாத நிலை, சுவரில் நேரடி இணைப்பு எல்லாம் இருந்தும் பயாஸ் திரையிலோ லினக்ஸிலோ ரீஸ்டார்ட் ஆகிறது என்றால், அப்போது கடைக்காரர் சொன்னது சரி. பிராசசர் கெடுவது அரிது, போர்டுதான். ஆனால் அந்த நிலையிலும் உங்கள் பிராசசருக்கு ஏற்ற போர்டைத் தேடி வாங்கச் சொல்ல மாட்டேன். அந்த வகைப் போர்டுகள் புதிதாக வருவது அரிது. கிடைப்பவை பெரும்பாலும் பழுதுபார்த்து மறுபடி விற்கப்படுபவை, உங்களுடையதைப் போலவே வயதானவை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் இன்டெல் பிராசசர்கள் சில விலக்குகள் தவிர எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகின்றன, உங்களுடையது ஏழாவது. போர்டுக்குச் செலவழித்தால் அந்தப் பிரச்சினை அப்படியே நிற்கும்.

அதற்குப் பதில் போர்டும் பிராசசரும் சேர்த்து மாற்றுங்கள். உங்கள் ராம் டிடிஆர்4 வகை என்றால் அதை ஏற்கும் போர்டாகப் பார்த்து வாங்கினால் ராம் செலவு மிச்சம். கார்டு, டிஸ்க், கேபினட் எல்லாம் அப்படியே பயன்படும். செகண்ட் ஹேண்டில் இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர் வந்தால் மட்டும் கவனம். அவற்றில் பலவும் தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் வாங்கி மெல்ல மெல்லக் கெட்டு, இதே மாதிரி கேம் ஆடும்போது விழுந்தன. 2024 ஆகஸ்டிலிருந்து அதற்கான மைக்ரோகோட் (பிராசசருக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பு) திருத்தம் பயாஸ் அப்டேட்டாக வந்தது. இன்டெல் வாரண்டியையும் 2 ஆண்டு கூட்டியது. ஏற்கெனவே கெட்டதை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. ஆகவே அந்தத் தலைமுறையில் வாங்குவதானால் வாரண்டி மிச்சமிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், வந்ததும் முதலில் பயாஸை அப்டேட் செய்யுங்கள்.

சோதனையில் எஸ்.எம்.பி.எஸ்தான் என்று தெரிந்து இப்போது புதிது வாங்குவதாக இருந்தால், 12 வோல்ட்டில் மட்டும் 400 வாட்டுக்குக் குறையாமல் தரும், 5 ஆண்டு வாரண்டி உள்ள ஒன்றாக வாங்குங்கள். நாளைக்குப் போர்டையும் பிராசசரையும் மாற்றினாலும் அது கூடவே வரும்.